மேரா சிகரம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் மேரா சிகரத்துக்குப் போய் வந்ததிலிருந்து வாட்ஸ்அப்பிலும் நேரிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். உடம்பு, மருந்து பற்றிய பதில்களைப் படித்ததோடு நிற்காமல் உங்கள் மருத்துவரிடமும் பேசிவிடுங்கள்.

மேரா எங்கே இருக்கு? எவரெஸ்ட் பக்கத்துலயா?

கிழக்கு நேபாளத்தில், சோலுகும்பு மாவட்டத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் எவரெஸ்ட்டுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். லுக்லா என்ற மலை விமான நிலைய ஊர் வரை எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிற கூட்டத்தோடுதான் போவீர்கள். அங்கிருந்து அவர்கள் வடக்கே நடப்பார்கள். நீங்கள் கிழக்கே ஒரு மலைத்தொடரைக் கடந்து ஹிங்கு பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும்.

ஹிங்குவுக்குச் சாலை கிடையாது, பெரிய ஊரும் கிடையாது. முன்பு கோடையில் மட்டும் மாடு மேய்க்க வந்து தங்கிய இடங்களில் இப்போது லாட்ஜ்கள் இருக்கின்றன. எவரெஸ்ட் பாதையில் உள்ள நாம்சே பஜார் போல பேக்கரி, மருந்துக்கடை எல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

உயரம் எவ்வளவு? ஒரு இடத்தில் 6,476 மீட்டர், இன்னொரு இடத்தில் 6,654 என்று போட்டிருக்கிறார்களே?

6,476 தான் சரி. 6,654 என்பது அதே பகுதியில் உள்ள பீக் 41 என்ற வேறொரு சிகரத்தோடு ஏற்பட்ட குழப்பத்தில் மேராவின் பெயரில் ஒட்டிக்கொண்ட எண். பெரிய எண்ணாக இருப்பதால் விளம்பரத்தில் அதைக் கைவிட ஆளில்லை.

"நேபாளத்தின் மிக உயரமான டிரெக்கிங் பீக்" என்ற பட்டமும் அந்தத் தவறான எண்ணால் வந்ததுதான். அன்னபூர்ணா பக்கத்தில் உள்ள சிங்கு சுலி 6,501 மீட்டர், நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதி தரும் டிரெக்கிங் பீக்குகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆனால் சிங்கு சுலி கடினமான ஏற்றம். கயிற்று வேலையில் தேர்ச்சி இல்லாதவர்கள் போகக்கூடிய சிகரங்களில் மேராதான் உயரம் என்று சொன்னால் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள்.

மேலே நின்றால் நிஜமாவே ஐந்து எட்டாயிரம் மீட்டர் மலை தெரியுமா? இல்லை, போஸ்டருக்காகச் சொல்றதா?

தெரியும். உலகத்தில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகள் மொத்தமே 14. அவற்றில் எவரெஸ்ட் (8,849), கஞ்சன்ஜங்கா (8,586), லோட்ஸே (8,516), மக்காலு (8,485), சோ ஓயு (8,188) ஆகிய ஐந்தும் தெளிவான காலையில் ஒரே இடத்தில் நின்றபடி தெரியும்.

எல்லாம் ஒரே அளவில் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே நுப்ட்ஸேயும் லோட்ஸேயும் சேர்ந்த நீண்ட சுவர், அதன் மேல் விளிம்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கறுத்த முக்கோணம்தான் எவரெஸ்ட். முதன்முறை பார்ப்பவர்கள் லோட்ஸேயைக் காட்டி "அதோ எவரெஸ்ட்" என்பது வழக்கம். மக்காலு வடகிழக்கில், எவரெஸ்ட் அளவுக்கே தூரத்தில், தனியாகப் பிரமாண்டமாக நிற்கும். அதற்கு முன்னால் சம்லாங்கின் நீண்ட முதுகு. சோ ஓயு வடமேற்கில் கொஞ்சம் தள்ளி. கஞ்சன்ஜங்கா கிழக்கே 125 கிலோமீட்டருக்கு அப்பால், சிக்கிம் எல்லையில் இருப்பதால் அடிவானத்தில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். சூரியன் அந்தப் பக்கம்தான் உதிக்கும் என்பதால் விடியும் நேரத்தில் அதன் விளிம்பு நன்றாகத் துலங்கும். வெளிச்சம் ஏறிய பிறகு லேசான புகைமூட்டம் இருந்தால்கூட மறைந்துபோகும்.

எனக்குப் பிடித்தது இந்த ஐந்தைவிட நடுவில் கிடக்கும் மற்றவை. பருன்ட்ஸே, அமா டப்லம், காங்டேகா, தாம்செர்கு, குசும் கங்குரு எல்லாம் 6,000, 7,000 மீட்டர் மலைகள். கீழே நடக்கும்போது அண்ணாந்து பார்த்தவை, இங்கிருந்து ஏறக்குறைய கண்மட்டத்தில் தெரியும்.

காட்சிதானே வேணும்? பேஸ் கேம்ப் போனால் போதாதா?

பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட்டின் உச்சியே தெரியாது, மற்ற மலைகள் மறைத்துவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் உள்ள காலாபத்தருக்கு ஏறுகிறார்கள். அங்கிருந்து எவரெஸ்ட் மிக அருகில் தெரியும், ஆனால் நீங்கள் மலைகளின் கிண்ணத்துக்குள் நின்று பார்க்கிறீர்கள். மேரா, இமயத் தொடரின் தெற்கு ஓரத்தில் ஒதுங்கி நிற்பதால் மொத்த வரிசையையும் தள்ளி நின்று பார்க்கலாம்.

இமயத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்றால் பேஸ் கேம்ப் பாதைதான் நல்ல தொடக்கம். செலவு குறைவு, நாளும் குறைவு, வழியெங்கும் வசதி உண்டு. மேராவுக்கு அடுத்த தடவை வரலாம்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் நாலைந்து தடவை ஏறியிருக்கேன். மேராவுக்கு அது போதுமா?

கால் பலத்துக்கு நல்ல அடித்தளம். ராத்திரியில் தடியை ஊன்றிக்கொண்டு தூங்காமல் ஏறிய பழக்கம் உச்சி ஏறும் இரவில் உதவவே செய்யும். ஆனால் அங்கே உங்கள் நுரையீரலுக்கு எந்தச் சோதனையும் நடக்கவில்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேரா நடை தொடங்குகிற லுக்லா அதைவிட உயரம்.

அதனால் முதலில் இமயத்தில் 4,500 முதல் 5,500 மீட்டர் வரை ஒரு நடை போய், இரவு தங்கிப் பார்த்துவிடுங்கள். உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த ஜிம்மும் சொல்லாது. மாரத்தான் ஓடுபவர் 4,300 மீட்டரில் வாந்தி எடுப்பதும், தொப்பை வைத்த அண்ணன் நிதானமாக மேலே போய்ச் சேருவதும் சகஜம்.

சென்னையில் மலையே இல்லையே, எப்படிப் பயிற்சி எடுப்பது?

அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். முதுகில் எட்டுப் பத்துக் கிலோ பையோடு, வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏறி இறங்குங்கள். வேகம் வேண்டாம், நிற்காமல் போவதுதான் முக்கியம். வார இறுதியில் நீண்ட நடை. நான்கு மாதமாவது இப்படிச் செய்ய வேண்டும். இறங்கும் பயிற்சியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், முழங்கால் கெடுவது அதில்தான்.

கயிறு, ஐஸ் எதுவும் தெரியாது. பரவாயில்லையா?

மேரா பெரும்பாலும் பனியாற்றின் மேல் நடப்பதுதான். காலில் கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) கட்டி, ஒரே கயிற்றில் மூன்று நான்கு பேர் இணைந்து, சாய்வான வெள்ளை மைதானத்தில் மணிக்கணக்காக நடப்பீர்கள். கடைசியில் மட்டும் கொஞ்சம் உயரத்துக்குச் செங்குத்தான பனிச் சரிவு வரும். அங்கே ஷெர்பாக்கள் கட்டிய கயிற்றில் ஜூமர் (மேல்நோக்கி மட்டும் நகரும் கைப்பிடி) மாட்டி ஏறி, இறங்கும்போது அதே கயிற்றில் பிடிமானத்தோடு இறங்க வேண்டும். இதையெல்லாம் காரே என்ற இடத்தில் ஒரு நாள் கற்றுத் தருவார்கள்.

அந்த ஒரு நாள் போதும் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். ஏறி இறங்க வேண்டுமானால் போதும். பக்கத்தில் இருப்பவர் பனிப்பிளவில் விழுந்தால் என்ன செய்வது என்று தெரிய வேண்டுமா, அதற்குப் போதாது. இந்த மாதிரி ஏற்றங்களைத் தொடரும் எண்ணம் இருந்தால் உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ மணாலியிலோ உள்ள அரசு மலையேற்ற நிறுவனங்களில் அடிப்படைப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். கட்டணம், கற்றுக்கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

எத்தனை நாள் லீவு போடணும்? 12 நாளில் முடிப்பதாக ஒரு கம்பெனி சொல்கிறதே?

காட்மாண்டுவில் தொடங்கிக் காட்மாண்டுவில் முடிய 17, 18 நாளாவது வையுங்கள். அதற்கு மேல் லுக்லா விமானத்துக்காக இரண்டு நாள் கையிருப்பு. மூன்று வாரம் இல்லையென்றால் மேராவைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

காரணம் எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற விதி. மேரா பாதையில் தங்குமிடங்களைப் பாருங்கள்: கோத்தே 3,600, தங்நாக் 4,350, காரே 5,045, உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான ஹை கேம்ப் கிட்டத்தட்ட 5,800. ஒவ்வொரு தாவலும் ஏறக்குறைய 700 மீட்டர் அல்லது அதற்கு மேல். பாதையே விதியை மீறுகிறது. அதை ஈடுகட்ட ஒரே வழி தங்நாக்கிலும் காரேயிலும் கூடுதல் இரவுகள் தங்குவது. 12 நாள் திட்டத்தில் வெட்டுப்படுவது இந்த இரவுகள்தான். மேராவில் தோற்றுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் திறமை போதாமல் திரும்புவதில்லை, நாள் போதாமல் திரும்புகிறார்கள்.

லுக்லாவிலிருந்து இரண்டு பாதை சொல்கிறார்கள். எது நல்லது?

குறுக்குப்பாதை, லுக்லாவுக்கு நேர் மேலே உள்ள ஜத்ர்வா லா கணவாயைத் (4,610 மீட்டர்) தாண்டிப் போகிறது. இதில் லுக்லாவை விட்ட இரண்டு மூன்று நாளிலேயே 4,300 மீட்டரில், துலி கர்காவில் தூங்க வேண்டியிருக்கும். சமவெளியிலிருந்து நேராக வந்தவருக்கு இது அதிகம். பனி பெய்திருந்தால் கணவாய் வழுக்கும், சுமை தூக்குபவர்களுக்கு ஆபத்து.

சுற்றுப்பாதை தெற்கே பையா, பாங்கோம் வழியாகக் காடுகளுக்குள் ஏறி இறங்கிக் கோத்தேக்கு வருகிறது. மூன்று நாள் போல அதிகம், அலுப்பும் அதிகம், ஆனால் உடம்பு மெதுவாகப் பழகும். போகும்போது சுற்றுப்பாதை, திரும்பும்போது கணவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், கணவாய் ஒரு பிரச்சினையே இல்லை.

லுக்லா ஏர்போர்ட் வீடியோ பார்த்தாலே வயிறு கலங்குது. வேற வழி இல்லையா?

ஓடுபாதை 527 மீட்டர் நீளம்தான், அதுவும் சரிவாக மலையை நோக்கி ஏறும். ஒரு முனையில் பாறைச் சுவர், மறு முனையில் பள்ளம். பயம் நியாயமானது. வானிலை சரியில்லை என்றால் விமானிகள் பறக்கவே மாட்டார்கள் என்பதுதான் ஆறுதல். அதனால்தான் தாமதமும் ரத்தும் அங்கே தினசரி விஷயம். மேலே சொன்ன கையிருப்பு நாட்கள் இதற்குத்தான்.

இன்னொரு விஷயம்: கூட்டமான மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்பும். காட்மாண்டுவிலிருந்து அங்கே போக நான்கைந்து மணி நேரம், நள்ளிரவில் வண்டி ஏற வேண்டும். விமானமே வேண்டாம் என்றால் ஜீப்பில் முடிந்தவரை போய் அங்கிருந்து நடக்கலாம். எலும்பெல்லாம் குலுங்கும், நாளும் கூடும், ஆனால் உயரம் பழக நல்லது.

நேபாளத்துக்கு விசா, பர்மிட் எல்லாம் என்ன வேணும்?

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை காட்ட வேண்டும், 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதாரை ஏற்றுக்கொள்வதில்லை. இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் 30 நாள் விசா வருடத்துக்கு ஒரு முறை கட்டணமின்றிக் கிடைக்கும்.

சிகரத்துக்கான அனுமதியை நேபாள மலையேற்றச் சங்கம் தருகிறது. வசந்த காலத்தில் கட்டணம் அதிகம், மற்ற பருவங்களில் குறைவு. அத்துடன் மக்காலு பருண் தேசியப் பூங்காவுக்கும் உள்ளூர் நகராட்சிக்கும் தனித்தனிக் கட்டணம். இதெல்லாம் உங்கள் ஏஜென்சி வாங்கித் தரும், வழிகாட்டி இல்லாமல் தனியாக ஏறலாமா என்று கேட்காதீர்கள். பணத்தை நேபாள ரூபாயாக மாற்றி லுக்லாவிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. ஹிங்குவில் ஏடிஎம் கிடையாது.

எந்த மாதம் போகலாம்? எங்களுக்கு மே மாதம்தான் லீவு.

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, அல்லது அக்டோபர், நவம்பர். வசந்தத்தில் குளிர் கொஞ்சம் குறைவு, மதியத்துக்கு மேல் மேகம் ஏறும், கீழே காட்டுத்தீப் புகை பரவியிருந்தால் தூரத்து மலைகள் மங்கும். இலையுதிர் காலத்தில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், குளிர் கடிக்கும், காற்றும் அதிகம். காட்சிக்காகவே போகிறீர்கள் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி.

மே தாராளமாகப் போகலாம். முதன்முதலில் மேராவில் ஏறியதும் மேயில்தான். 1953-ஆம் வருடம் எவரெஸ்ட் பயணக் குழுவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர்களின் இரண்டாவது தொகுதியைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற கூர்க்காப் படை அதிகாரி, அந்த வேலை முடிந்ததும் இந்தப் பக்கம் சுற்றக் கிளம்பினார். மே 20 அன்று சென் டென்சிங் என்ற ஷெர்பாவோடு மேராவின் நடுச் சிகரத்தில் ஏறினார். ஒன்பது நாள் கழித்து எவரெஸ்ட்டில் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் நின்றார்கள், மேராவை யாரும் கவனிக்கவில்லை. இதே ராபர்ட்ஸ்தான் பிறகு நேபாளத்தில் டிரெக்கிங் தொழிலைத் தொடங்கி வைத்தவர்.

ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கணுமா?

ஏறுவதற்கு வேண்டாம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி, உச்சியில் அதற்கும் கீழே. சரியாகப் பழகிய உடம்பு அதைச் சமாளிக்கும். அவசரத்துக்காகக் குழுவிடம் ஒரு சிலிண்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

டயமாக்ஸ் போடலாமா? போட்டால் ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. அசிடசோலமைடு என்ற அந்த மருந்து மூச்சை ஆழப்படுத்தி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்துகிறது. தடுப்புக்குப் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா குடித்தால் விசித்திரமாக ருசிக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் டயமாக்ஸ் இருக்கிறது என்று நாட்களைக் குறைத்தால் கணக்கு தப்பும். எத்தனை நாள் என்ற கேள்விக்குச் சொன்னது மாத்திரை போட்டாலும் மாறாது.

தலைவலி வந்தால் உடனே இறங்கிடணுமா?

லேசான தலைவலி என்றால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள், மேலே போகாதீர்கள். தண்ணீர், ஓய்வு, ஒரு பாராசிட்டமால். மறுநாள் காலை சரியாகிவிட்டால் தொடரலாம். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, கடும் அசதி சேர்ந்து, ஓய்வுக்குப் பிறகும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும்.

இரண்டு விஷயங்களில் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஒன்று, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது: மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது. இரண்டு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, விடாத இருமல், நெஞ்சில் களகளவென்று சத்தம்: நுரையீரலில் நீர். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். நடுராத்திரி என்றாலும் டார்ச் போட்டு இறக்கிவிட வேண்டும். ஹெலிகாப்டர் வரும் என்று உட்கார்ந்திருப்பது தவறு, மேகம் மூடினால் அது வராது.

காரேயில் ஆக்சிமீட்டர் 78 காட்டினால் பயப்படணுமா?

கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மனதில் பதிந்துபோன எண் அது. ஐயாயிரம் மீட்டரில் 75 முதல் 85 வரை காட்டுவது பலருக்கும் இயல்பு. குளிர்ந்த விரலில் கருவி இன்னும் குறைத்தே காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். 76 காட்டிக்கொண்டு இரண்டாம் தட்டு சோறு கேட்பவருக்கு ஒன்றுமில்லை. 84 காட்டிக்கொண்டு ஷூ லேஸ் கட்டத் திணறுபவரைக் கவனிக்க வேண்டும். கூட வந்தவர்கள் எல்லோருக்கும் 80 இருக்க உங்களுக்கு மட்டும் 65 என்றால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

நான் சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

அங்கே சைவம்தான் பாதுகாப்பு. இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது, அசைவர்களுக்கும் வேண்டாம் என்பேன். காரே வரை எல்லா லாட்ஜிலும் தால் பாத் கிடைக்கும்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கேட்டால் மறுபடி போடுவார்கள். சப்பாத்தி, நூடுல்ஸ், கஞ்சி, முட்டை உண்டு. மேலே போகப் போக விலை ஏறும், அதைப் பேரம் பேசாதீர்கள், எல்லாம் ஆள் முதுகில் வந்தது.

உயரத்தில் பசி செத்துவிடும். அப்போது பழகின ருசிதான் உள்ளே இறங்கும். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொஞ்சம் கொண்டுபோங்கள். உச்சி ஏறும் இரவுக்குக் கடலை மிட்டாயைச் சிறு துண்டுகளாக உடைத்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையைக் கழற்றாமல் எடுத்து வாயில் போட முடிய வேண்டும், அதுதான் கணக்கு.

பெண்கள் போகலாமா? பாத்ரூம், பீரியட்ஸ் எல்லாம் எப்படி?

தாராளமாகப் போகலாம். லாட்ஜ்களில் கழிப்பறை வெளியே தனியாக இருக்கும். ஹை கேம்ப்பில் பாறை மறைவில் கூடாரமோ குழியோதான். ராத்திரியில் கூடாரத்தை விட்டு வெளியே போகாமல் இருக்க அகல வாய் பாட்டிலும், பெண்களுக்கென்று விற்கும் புனலும் கொண்டுபோங்கள், ஊரிலேயே பழகிவிடுங்கள்.

உயரத்தில் மாதவிடாய் தேதி முன்பின்னாக வரலாம், அதனால் "எனக்கு அந்த வாரம் இல்லை" என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். நாப்கின் லுக்லாவைத் தாண்டினால் கிடைக்காது. பயன்படுத்தியதைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். குளியல் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஈரத் துடைப்பான்.

ஷூ, ஜாக்கெட் எல்லாம் வாங்கணுமா, வாடகைக்குக் கிடைக்குமா?

காட்மாண்டுவில் தமேல் பகுதியில் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும்: இரட்டை அடுக்கு பூட்ஸ், கிராம்பான், ஹார்னஸ், ஐஸ் ஆக்ஸ், டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக். காரேயிலும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் உங்கள் அளவு இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. பூட்ஸை இரண்டு காலுறையோடு போட்டுக் கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து பாருங்கள். விரல் இடித்தால் உச்சி இரவில் அந்த விரல் உறையும். கிராம்பானை அதே பூட்ஸில் மாட்டிப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

சொந்தமாக வாங்க வேண்டியவை: காலுறை, உள்ளாடை, கையுறை, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி நான்காம் வகை வேண்டும், பக்கவாட்டிலும் மறைப்பு இருக்க வேண்டும். பனியில் எதிரொளிக்கும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

உச்சி ஏறும் ராத்திரி எப்படி இருக்கும்? மறைக்காமல் சொல்லுங்க.

ஹை கேம்ப்பில் மதியமே போய்ச் சேர்ந்து, சூப் குடித்து, மாலையில் படுத்துவிடச் சொல்வார்கள். தூக்கம் வராது. நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் எழுப்புவார்கள். பூட்ஸ் மாட்டவே இருபது நிமிடம், மூச்சு வாங்கும். வெளியே மைனஸ் 15, 20 டிகிரி, காற்று இருந்தால் அதைவிட மோசம். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் பூட்ஸும் கயிறும் மட்டும் தெரியும். ஐந்து முதல் ஏழு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். பத்தடி, நில், மூச்சு, மறுபடி பத்தடி. ஏன் வந்தோம் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மிகவும் குளிர்வது விடிவதற்குச் சற்று முன்.

விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். வலித்த விரல் திடீரென்று வலி நின்று மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள். தண்ணீரைக் குழாய் வைத்த பையில் கொண்டுபோகாதீர்கள், குழாய் உறைந்துவிடும். வெந்நீர் பாட்டிலை காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். போன் ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் உச்சியில் பேட்டரி செத்திருக்கும்.

அப்புறம், உச்சி பாதி வழிதான். அன்றே காரே வரை இறங்க வேண்டும், மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத நாள்.

உச்சிக்குப் போக முடியாவிட்டால் எல்லாம் வீணா?

ஹை கேம்ப்பே பாறையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாடம் போன்ற இடம். அங்கிருந்தே எவரெஸ்ட், லோட்ஸே, மக்காலு, சம்லாங், பருன்ட்ஸே எல்லாம் தெரியும், மாலை வெயிலில் மக்காலு சிவப்பது வேறெங்கும் கிடைக்காத காட்சி. காட்சிக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் அதோடு திரும்பினாலும் குறையொன்றுமில்லை. கஞ்சன்ஜங்காவுக்குத்தான் மேலே போக வேண்டும்.

ஒரே மலைக்கு ஒருத்தர் ஒரு ரேட், இன்னொருத்தர் பாதி ரேட். எப்படி நம்புறது?

விலையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். ஒரு ஏறும் வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மூன்றுக்கு மேல் என்றால் ஒருவர் திரும்பும்போது மற்றவர்களும் திரும்ப வேண்டிவரும். காரேயில் எத்தனை இரவு? வானிலை கெட்டால் உச்சிக்கு இன்னொரு நாள் இருக்கிறதா? ஹை கேம்ப் கூடாரமும் சாப்பாடும் சேர்ந்ததா? சுமை தூக்குபவர்களுக்குக் காப்பீடும் குளிருடுப்பும் உண்டா? பாதி விலைக்காரர் கடைசிக் கேள்வியில் பெரும்பாலும் பேச்சை மாற்றுவார். அந்தப் பாதி எங்கேயிருந்து வெட்டப்பட்டது என்று அப்போது புரியும்.

டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன், அது போதும்தானே?

பாலிசியில் உயர வரம்பு என்ன என்று பாருங்கள். பல பாலிசிகள் 4,500 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும், கயிறு, கிராம்பான் பயன்படுத்தும் மலையேற்றத்தையே விலக்கிவைக்கும். 6,500 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு சேர்த்து, எழுத்தில் இருக்க வேண்டும்.

மறுபுறம், தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டில் பணம் பார்க்கும் மோசடியும் நேபாளத்தில் நடந்திருக்கிறது. 2018-இல் அரசே விசாரணை நடத்தியது. லேசான தலைவலிக்கே "ஹெலிகாப்டர் கூப்பிடலாமா" என்று யாராவது ஆர்வம் காட்டினால், தலைவலி பற்றிய பதிலை ஒரு முறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பனி ஏரி உடையும் ஆபத்து அந்தப் பள்ளத்தாக்கில் உண்டா?

உடைந்திருக்கிறது. தங்நாக்குக்கு மேலே உள்ள சபாய் சோ ஏரியின் கரை 1998 செப்டம்பர் 3 அன்று உடைந்து வெள்ளம் ஹிங்கு ஆற்றோடு பாய்ந்தது. கோத்தேயிலிருந்து தங்நாக் போகும் வழியில் ஆற்றுப்படுகை ஏன் இவ்வளவு அகலமாக, வெறும் கற்குவியலாகக் கிடக்கிறது என்று யோசிப்பீர்கள், காரணம் அதுதான். ஓய்வு நாளில் ஏரிக்கரை மேட்டுக்கு ஏறி உடைந்த வாயைப் பார்க்கலாம், உயரம் பழகவும் அது நல்ல நடை. அந்த வெள்ளத்தில் ஏரியின் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிட்டது.

நடுச் சிகரமா, வடக்குச் சிகரமா? நடுவில் நின்று போட்டோ எடுத்தால் மேரா ஏறியதாகக் கணக்கா?

மேராவுக்கு மூன்று தலைகள்: வடக்கு 6,476, நடு 6,461, தெற்கு 6,065. பெரும்பாலான குழுக்கள் ஏறுவது நடுச் சிகரம்தான். வடக்குக்குப் போகும் பகுதியில் பனிப்பிளவுகளும் விளிம்பில் தொங்கும் பனியும் இருப்பதால் சில வருடங்களில் வழிகாட்டிகளே வேண்டாம் என்பார்கள். சான்றிதழ் இரண்டுக்கும் கிடைக்கும். காட்சியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

என்னைக் கேட்டால், நடுவில் ஏறியவர் "மேரா நடுச் சிகரம், 6,461" என்று எழுதிக்கொள்வது நேர்மை. ராபர்ட்ஸ் ஏறியதும் அதில்தான், அவருக்கு அது குறைவாகப் படவில்லை.

மேரா முடித்துவிட்டு அப்படியே ஐலண்ட் பீக்கும் சேர்த்துக்கொள்ளலாமா?

மேராவிலிருந்து ஹோங்கு பள்ளத்தாக்கு வழியாக 5,845 மீட்டர் உயரமுள்ள அம்பு லப்ட்சா கணவாயைத் தாண்டி சுகுங் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ஐலண்ட் பீக் ஏறுவது பிரபலமான திட்டம். சேர்த்து விற்கும்போது கணவாயை ஒரு நடை போலத்தான் விவரிப்பார்கள். உண்மையில் மேராவைவிட அந்தக் கணவாய்தான் கடினம்: செங்குத்தான பனி, மறுபக்கம் கயிற்றில் இறங்கும் பாறை, விழும் கற்கள். நடுவில் பல நாட்கள் லாட்ஜ் கிடையாது, எல்லாம் கூடாரம், எல்லா உணவும் சுமந்து போக வேண்டும். அங்கே யாருக்காவது உடம்பு கெட்டால் இரு பக்கமும் உயரமான கணவாய்கள்.

ஐலண்ட் பீக் தனியாக மேராவைவிட உயரம் குறைவு, ஆனால் கயிற்றில் ஏறும் பகுதி நீளமும் செங்குத்தும் அதிகம். லோட்ஸேயின் சுவர் நேரெதிரே நிற்பதால் அங்கிருந்து எவரெஸ்ட் தெரியாது. இரண்டும் வேண்டும் என்றால், மேரா முடித்து லுக்லாவுக்கே திரும்பி, நாம்சே வழியாகப் போங்கள். ஒரு வாரம் கூடும், சிகர அனுமதியும் தனியாக இன்னொன்று எடுக்க வேண்டும்.